பிடி மட்டும்

குளியலறையில் வெந்நீர்க் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆவி வெளியே போய்விடாமல் கதவின் அடியிடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டித் திணித்திருக்கிறாள். உள்ளே ஒரு முக்காலியில், வியர்க்க வைப்பதற்கான பிளாஸ்டிக் சட்டையும் அதன் மேல் கம்பளிச் சட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே நடையில் நாற்காலி போட்டு, அவளைப் பற்றி எழுத வந்த நான். போனை ஸ்பீக்கரில் போட்டு எங்கோ வைத்திருப்பதால் அவளுடைய அம்மாவின் குரல் கதவைத் தாண்டி எனக்கும் கேட்கிறது.

"என்னடி, மூச்சு இப்படி வாங்குது?"

"வேர்வை எடுத்துக்கிட்டிருக்கேன்மா. நாளைக்குக் காலைல எடை பார்ப்பாங்க."

"இன்னும் எவ்வளவு குறையணும்?"

"முக்கால் கிலோ."

"ஊர்ல அவங்கவங்க பெத்தது திங்கமாட்டேங்குதுன்னு டாக்டர்கிட்ட ஓடறாங்க. நான் பெத்தது காத்தைக் குடிச்சு உயிர் வாழுது."

"காத்துக்கு எடை கிடையாதும்மா. அதான்."

அம்மா சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கால், மாடிக் குழாயின் ஒழுக்கு, புதிதாக வந்த தலைவலி என்று பேச்சு சுற்றி வருகிறது. கடைசியில், எப்போதும் போய் நிற்கும் இடத்தில் போய் நிற்கிறது.

"அக்கா அங்க வந்தாளாம்மா?"

"வந்தா. பழம் வாங்கிட்டு வந்தா. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போனா."

"என்னைக் கேட்டாளா?"

"கேட்டாளே. உடம்பு எப்படி இருக்கு அவளுக்குன்னு கேட்டா."

"வேற?"

"வேற என்னடி கேக்கணும்?"

 தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது.

ஜூடோ கூடத்தில் அவளுக்குப் பெயர் அட்டை. "புத்தக அட்டை இல்லைங்க, ரத்தம் உறிஞ்சற அட்டை" என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவளே விளக்கம் சொல்லிவிடுவாள். எதிராளியின் சட்டையில் ஓர் இடத்தைப் பிடித்தாளென்றால் உப்பைக் கொட்டினால்தான் விடுவாள் என்பது அங்கே பேச்சு. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒடிசலாகத் தெரிவாள், கை கொடுத்தால்தான் யாரென்று தெரியும். பத்து விரல்களில் நேராக இருப்பவை கட்டைவிரல்கள் இரண்டும்தான். மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில் ஒவ்வொருத்தியின் சட்டையில் சிக்கித் திரும்பிக்கொண்டவை. காதுகள் மெத்தையில் உரசி உரசித் தடித்து, யாரோ கசக்கி எறிந்துவிட்டு மறுபடி எடுத்து ஒட்டியதுபோல இருக்கும். முடியை இழுத்துக் கட்டும்போது அவற்றை மறைக்க அவள் முயல்வதில்லை. "ஒரு வசதி இருக்கு. ஹெட்போன் நிக்காது. அதனால பஸ்ல பக்கத்துல இருக்கறவங்க பேசறதெல்லாம் கேட்டுக்கிட்டே வரலாம்."

பகலில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை. வந்து இறங்கும் பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும். அவள் பெட்டியைத் தூக்குவதைப் பார்க்கவேண்டும். அடியில் கைகொடுத்துத் தூக்கமாட்டாள். ஒரு மூலையை இழுப்பாள், அது தானாகச் சாயும், சாய்கிற திசையிலேயே இடுப்பில் வாங்கிக்கொள்வாள். "மெதுவா, அது உன் எதிராளி இல்லை, யாரோ வீட்டுக் கண்ணாடிச் சாமான்" என்று மேற்பார்வையாளர் கத்துவார். ஒன்றும் உடைந்ததில்லை.

வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டாள். காலைப் பார்ப்பாள். எந்தக் காலில் எடை இருக்கிறது, எது சும்மா ஊன்றியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஒருமுறை முடி வெட்டிக்கொள்ளப் போனபோது, முடி வெட்டும் பெண் பின்னாலிருந்து கழுத்தில் துணியைச் சுற்றினாளாம். அடுத்த நொடி அவள் மணிக்கட்டு இவள் கையில். "கத்தினா பாருங்க, பாவம். அதுலருந்து வீட்லயே நானே வெட்டிக்கறேன். அதான் இப்படி இருக்கு" என்று கோணலாக வெட்டிய நெற்றிமுடியைத் தொட்டுக் காட்டுகிறாள்.

போய்வந்த நாடுகளைக் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வாள். அந்த ஊரெல்லாம் எப்படி என்று கேட்டால்தான் தடுமாறுவாள். விமான நிலையம், விடுதி அறை, எடை பார்க்கும் அறை, மெத்தை. அவள் பார்த்த உலகம் அவ்வளவுதான். கடலோரத்தில் பேர்பெற்ற ஒரு நகரத்தைச் சொல்லி, அது எப்படி இருந்தது என்றேன். வெகுநேரம் யோசித்தாள். "மெத்தை கொஞ்சம் கெட்டி" என்றாள்.

ஐம்பத்தேழு கிலோ எடைப் பிரிவு. கண்ட அளவிலான போட்டிகளில் இரண்டு வெண்கலம். வெளிநாடுகளில் சின்னப் போட்டிகள் சிலவற்றில் தங்கம். உலகப் போட்டிகளில் மட்டும் ஐந்தாவது, ஐந்தாவது, மறுபடி ஐந்தாவது. ஜூடோவில் ஐந்தாவது என்றால் வெண்கலத்துக்கான ஆட்டம் வரை வந்து அதில் தோற்றவர் என்று பொருள். "முதல் சுத்துலயே தோத்தவளுக்கு ஊர் சுத்திப் பார்க்க நேரம் கிடைக்கும். ஜெயிச்சவளுக்குப் பதக்கம் கிடைக்கும். அஞ்சாவதா வர்றவளுக்கு ரெண்டும் இல்லை. எல்லாரும் போனப்புறம் பையை மடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். ஆனால் சொல்லும்போது வலதுகை, இடதுகை விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுகிறது.

இந்தக் கதையில் அக்கா இல்லாமல் ஒன்றும் இல்லை.

அப்பாவின் லேத் பட்டறைக்கு அடுத்த கட்டடத்தில் ஜூடோ கூடம் இருந்தது. வீட்டில் இரண்டு பெண்களும் எந்நேரமும் மயிரைப் பிடித்துச் சண்டை போடுவதைப் பார்த்துச் சலித்தவர், "அடிச்சுக்கறதுன்னு ஆயிடுச்சு, அங்க போய் முறையா அடிச்சுக்குங்க" என்று இருவரையும் சேர்த்துவிட்டார். அக்கா இடதுகைக்காரி. கண் மூடித் திறப்பதற்குள் எதிராளியின் இரு கால்களுக்கும் நடுவே தன் காலைக் கொடுத்து, மேலே வீசித் தூக்கி எறிந்துவிடுவாள். நாட்டுக்காக முதலில் வெளிநாடு போனவள் அவள்தான். தங்கையின் வேலை, அக்கா பழகுவதற்காக விழுவது.

"பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் விழ ஆரம்பிப்பேன். அக்கா எறிவா, நான் விழுவேன். மறுபடி எழுந்து போய் நிப்பேன். எனக்கு அது வேலைன்னே தோணினதில்லை. அவ எறிஞ்சா வலிக்காது, அதான் அதிசயம். மேல போகும்போது ஒரு நொடி உடம்புக்கு எடையே இருக்காது. அதுக்காகவே திரும்பத் திரும்பப் போய் நிப்பேன்."

தங்கை வளர்ந்தாள். வளர்ந்து வளர்ந்து அக்காவின் எடைக்கே வந்து நின்றாள். ஓர் எடைக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருத்திதான் உலகப் போட்டிக்குப் போகலாம். தேர்வுப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் அக்காவும் தங்கையும் எதிரெதிரே நின்றார்கள். அம்மா அன்று வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அப்பா கூடத்தின் வாசல் வரை வந்துவிட்டு, உள்ளே போகாமல் வெளியில் நின்றுகொண்டிருந்தார்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. குறித்த நேரம் முடிந்து, முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றி என்ற கூடுதல் நேரத்துக்கும் போய்விட்டது. அக்கா எறியப்போகும் முன் ஒன்று செய்வாள். காலரைப் பிடித்திருக்கும் இடதுகையின் சுண்டுவிரலை ஒரு இமைப்பொழுது தளர்த்தி, மறுபடி இறுக்குவாள். அது அக்காவுக்கே தெரியாது. அத்தனை வருடம் விழுந்தவளுக்குத் தெரியும். தோளெலும்பின் மேல் அந்த விரல் தளர்ந்ததும் தங்கை தன் காலை விலக்கிக்கொண்டாள். அக்காவின் கால் வெறும் காற்றை வீசியது. போன வேகத்திலேயே அவளைத் திருப்பி முதுகு படியப் போட்டாள். முழுப் புள்ளி. ஆட்டம் முடிந்தது.

அக்கா எழுந்து, உடுப்பைச் சரிசெய்து, வணங்கினாள். தங்கையை வாசல்வரை தோளில் கைபோட்டு அழைத்துப் போனாள். அதற்குப் பிறகு மெத்தையில் கால் வைக்கவில்லை. ஊரின் மறுகோடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் ஆனது, அங்கேயே குடியும் போனாள்.

"சண்டையா?" என்று கேட்டேன்.

"சண்டை போட்டிருந்தா நல்லாயிருக்கும். பேசாம இருந்தாக்கூட ஒருநாள் போய்க் காலைப் பிடிச்சிருப்பேன். நல்லாத்தான் பேசறா. சாப்பிட்டியா, தூங்கினியா, உடம்பைப் பார்த்துக்கோ. விருந்தாளிகிட்டப் பேசற மாதிரி. அப்பா போனப்பகூட ஆளுக்கொரு மூலையில உட்கார்ந்திருந்தோம். என்னைத் தொட்டே எத்தனையோ வருஷம் ஆச்சு." விரல்களை நீவிக்கொண்டாள். "என் வேலையே தினமும் யாராவது என்னைப் பிடிச்சு இழுக்கறதுதான். ஆனா பாருங்க, யார் பிடிச்சாலும் இது அவ பிடி இல்லைன்னு முதல்ல தெரியும். அப்புறம்தான் மத்தது."

குளியலறையில் வேர்வை எடுத்ததற்கு மறுநாள் எடை சரியாக இருந்தது. உலகப் போட்டிக்கான தேர்வில் அட்டைதான் வென்றாள். பதக்கம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதுவே அவளுடைய கடைசி உலகப் போட்டி என்பதை அவளுடைய முழங்கால் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. பயிற்சியாளர் அவளை உட்காரவைத்துச் சொன்னார்: "நெட்டையைத் தாண்டாம உனக்கு வழி கிடையாது."

நெட்டை என்பது பனி கொட்டும் ஒரு நாட்டுக்காரி. போன இரண்டு போட்டிகளிலும் வெண்கலத்தை இவள் கையிலிருந்து பிடுங்கியவள். உயரம், அதோடு இடதுகை. இடதுகைக்காரியோடு மோத, இடதுகைக்காரியோடு பழக வேண்டும். கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் வலதுகை.

"இந்த ஊர்ல ஒருத்திதான் இருக்கா" என்றார் பயிற்சியாளர். "நான் கேக்கமாட்டேன். நீயே பார்த்துக்கோ."

கேட்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். துணைக்கு என்று சொல்லவில்லை; "அந்தப் பக்கம் உங்களுக்கும் வேலை இருக்கும்ல?" என்றாள். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை.

சின்னக் கடை. மூன்று பக்கமும் கண்ணாடிச் சட்டங்கள், நடுவில் ஒரு மேசை, வட்டமான நிலைக்கண்ணாடி, வாடிக்கையாளர் உட்கார ஒரு சுழல் நாற்காலி. அக்கா ஒரு பெண்ணின் காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே தோள். விரல்கள் மட்டும் இன்னும் நேராக இருந்தன. அந்த விரல்களின் நுனியால் அந்தப் பெண்ணின் முகத்தைத் தொட்டும் தொடாமலும் இடமும் வலமும் திருப்பினாள். அட்டை கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வா. சாப்பிட்டியா?" என்றாள் அக்கா, அந்தப் பெண் போனதும்.

"சாப்பிட்டேன். கண்ணாடி பார்க்கலாம்னு வந்தேன்."

"உனக்கா? கண்ணுக்கு என்ன?"

"பார்சல் மேல எழுதியிருக்கறது சரியாத் தெரியமாட்டேங்குது."

அவளுக்குத் தெருக்கோடியில் வரும் பஸ்ஸின் எண் தெரியும். எனக்கே அது தெரியும்போது அக்காவுக்குத் தெரியாதா? ஆனாலும் அக்கா எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். அட்டை நடுவரியில் வேண்டுமென்றே திக்கினாள். அக்கா ஒரு சட்டத்தை எடுத்து வந்து அவள் முகத்தில் மாட்டினாள். அது இடதுபக்கம் சரிந்தது. கம்பியை வளைத்து மறுபடி மாட்டினாள். வலதுபக்கம் நழுவியது. இன்னொன்று. அதுவும் நிற்கவில்லை. அக்காவின் விரல்கள் அந்தத் தடித்த காதைச் சுற்றி மெல்ல நகர்ந்தன, எந்த மேட்டில் கம்பி உட்காரும் என்று தேடிக்கொண்டு. அட்டை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து யாராவது தொட்டால் மணிக்கட்டைப் பிடிப்பவளின் கைகள் மடியில் சும்மா கிடந்தன.

"இந்தக் காதுக்கு எந்த ஃப்ரேமும் நிக்காதுடி" என்றாள் அக்கா. "முகத்துல ஆணிதான் அடிக்கணும்."

"இன்னும் ஒண்ணு போட்டுப் பாரேன்."

அக்கா சட்டத்தைக் கழற்றித் துடைத்து இருந்த இடத்தில் வைத்தாள். "என்ன விஷயம்?"

"நெட்டை இடதுகை."

"தெரியும்."

"பார்த்தியா?"

"பார்ப்பேன், அப்பப்ப." துணியை நான்காக மடித்தாள். "கோச் அனுப்பினாரா?"

"இல்ல. நானா வந்தேன்."

தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. மடித்த துணியை மேசை இழுப்பறைக்குள் வைத்தாள் அக்கா.

"பிடி மட்டும்தான்" என்றாள். "எறியமாட்டேன். விழவும் மாட்டேன். சரின்னா வரேன்."

வாரத்தில் இரண்டு நாள், கடை அடைத்த பிறகு வருவாள். அவளுடைய பழைய உடுப்பு எப்போதோ போய்விட்டது. தங்கையுடைய மாற்று உடுப்பைத்தான் போட்டுக்கொண்டாள். போட்டி உடுப்பின் முதுகில் பெயர் தைத்திருக்கும். தங்கையின் பெயரை முதுகில் சுமந்துகொண்டு அக்கா மெத்தையில் ஏறினாள்.

ஜூடோவைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு எறிவது மட்டும் தெரியும். பாதி ஆட்டம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். யார் யாருடைய காலரை, யாருடைய சட்டைக் கையை முதலில் பிடிப்பது. பிடித்ததை எப்படி உதறுவது. நம்முடையதை எப்படிக் கொடுக்காமல் இருப்பது. இருவரும் அதைத்தான் செய்தார்கள். அக்காவின் இடதுகை பாம்புபோலப் போய்க் காலரில் விழும். தங்கை உதறுவாள். மறுபடி விழும். பத்து வருடத்துக்கு மேல் சட்டையைத் தொடாத கை என்று யாரும் சொல்லமுடியாது. "முழங்கையை இறக்கு." "அவசரப்படாத." "என் கையைப் பார்க்காத, தோளைப் பார்." அக்கா அவ்வளவுதான் பேசினாள். கடைசியில் இருவருக்கும் மூச்சு வாங்கும். ஒருத்தி சட்டையை ஒருத்தி பிடித்தபடி, நெற்றி ஏறக்குறைய முட்ட, அப்படியே நிற்பார்கள். எறிய வேண்டிய நேரம் அது. யாரும் எறியமாட்டார்கள்.

"இன்னிக்கு எப்படி?" என்று வெளியே வரும்போது கேட்பேன்.

"நல்லாயிருந்தது" என்பாள் அட்டை. அந்த நாட்களில் பஸ்ஸில் ஊர்ப்பேச்சு கேட்காமல், கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் பிடித்துக்கொண்டு சுற்றும்போது அக்கா ஒரு காலைக் கொஞ்சம் அதிகமாக முன்னால் வைத்துவிட்டாள். எடை இல்லாத கால். தட்டிவிட்டால் போதும், ஆள் கீழே. ஓரத்தில் இருந்த எனக்கே தெரிந்தது. அட்டையின் பாதம் தரையிலிருந்து எழும்பியது. பிறகு இருந்த இடத்திலேயே அமர்ந்தது.

அக்கா பிடியை விட்டாள்.

"ஏன் விட்ட?"

"எதை?"

"என்கிட்டயே நடிக்காத. கால் சும்மா நின்னுச்சு. பார்த்த. விட்டுட்ட."

"பிடி மட்டும்னு நீதானேக்கா சொன்ன."

"அன்னிக்கு விட்டியா?"

எந்த நாள் என்று இருவரும் சொல்லவில்லை.

"இல்ல" என்றாள் அட்டை.

"அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. நல்ல எறி. அதைவிடச் சுத்தமா என்னை யாரும் போட்டதில்ல. ஆனா அதுக்கப்புறம் அழுத பார். மெத்தைமேலயே என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, மன்னிச்சிடுக்கா, மன்னிச்சிடுக்கான்னு. ஜெயிச்சவ அழுதா தோத்தவ என்னடி பண்றது? அத்தனை பேர் பார்க்கறாங்க. உன் கண்ணைத் துடைச்சு, முதுகைத் தட்டி, வாசல்வரைக்கும் கூட்டிட்டுப் போய் அப்பாகிட்ட விட்டேன். உன்னைத் தேத்தி முடிக்கறதுக்குள்ள என் அழுகை எங்கயோ போயிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் வரல. அதை உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னும் தெரியல."

அட்டையின் வாய் தன்னால் திறந்தது. "மன்னி—"

"சொன்ன, கொன்னுடுவேன்."

இருவரில் யார் முதலில் சிரித்தார்களென்று தெரியவில்லை. நீண்ட சிரிப்பும் இல்லை அது. அக்கா கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ம், பிடி" என்றாள். மறுபடி பிடித்தார்கள். அன்றும் யாரும் விழவில்லை.

உலகப் போட்டியை நான் அக்காவின் கடையில் பார்த்தேன். அவள் தன் போனை வட்டக் கண்ணாடியில் சாய்த்து வைத்திருந்தாள். வேலையும் நடந்தது. நெட்டையோடு ஆட்டம் தொடங்கியபோது சுழல் நாற்காலியில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், புதுக் கண்ணாடியின் கம்பியைச் சரிசெய்துகொள்ள உட்கார்ந்திருந்தார். நெட்டையின் இடதுகை காலரைத் தேடி வந்தது. அட்டை முழங்கையை இறக்கினாள். வந்தது, உதறினாள். பிடி கிடைக்காமல் நெட்டை திணறித் திணறிப் பின்வாங்க, நடுவர் அவளை எச்சரித்தார், மறுபடி எச்சரித்தார். மூன்றாவது எச்சரிக்கை வந்தால் ஆட்டமே போய்விடும் என்ற பயத்தில் அவசரமாக உள்ளே பாய்ந்தவளை அட்டை இடுப்பில் வாங்கித் தூக்கிப் போட்டாள்.

"அம்மாடி" என்றார் வாத்தியார். அவர் போனைப் பார்த்துச் சொல்லவில்லை. அக்காவின் இடதுகை அவருடைய சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க சார்" என்று அக்கா கையை எடுத்துக் காலரை நீவிவிட்டாள். "தங்கச்சி."

இதோடு பதக்கம் என்றுதான் நான் நினைத்தேன். அரையிறுதியில் அட்டை தோற்றாள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அவளுக்கு எதிரே வந்தவள் யாருமே கேள்விப்படாத ஒரு சின்னப் பெண், வலதுகைதான், உடுப்பின் இஸ்திரி மடிப்புகூட இன்னும் கலையாத புதியவள். ஆட்டம் நன்றாகவே போனது. கடைசியில் அட்டையின் முழங்கால் ஒரு திருப்பத்தில் சொன்னபடி கேட்கவில்லை. அந்தச் சின்னப் பெண் அதை எப்படியோ உணர்ந்துகொண்டாள். அவ்வளவுதான்.

திரையில் அட்டை எழுந்து உடுப்பைச் சரிசெய்தாள். வணங்கினாள். வென்றவள் குதித்துக் குதித்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, நொண்டாமல் நடக்கப் பார்த்துக்கொண்டே மெத்தையைவிட்டு இறங்கினாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் வாத்தியார்.

"அஞ்சாவது."

"உலகத்துலயா? உலகத்துலயே அஞ்சாவதா? பெரிய விஷயமாச்சேம்மா."

"ஆமா சார், பெரிய விஷயம்தான்" என்று அக்கா அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்தது போதாதென்று மறுபடி துடைத்தாள். அவர் வெறுங்கண்ணோடு பொறுமையாகக் காத்திருந்தார்.

திரும்பி வந்தவள் பயிற்சியாளரிடம் போதும் என்று சொல்லிவிட்டாள். அவர் எதிர்பார்த்திருந்ததால் மறுத்துப் பேசவில்லை. கிடங்கில் வேலை பழையபடி நடந்தது. அம்மா அவள் எதிரில் உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை எழுந்திருக்க விடவில்லை. "இனிமே எவன் உன்னை எடை போடறான்னு பார்க்கறேன்." அட்டை வயிறு நிறையச் சாப்பிட்டாள். அதில் ஒரு ருசியும் தெரியவில்லை என்று என்னிடம் சொன்னாள். "எல்லாம் முடிஞ்சப்புறம் நல்லாத் தூங்கலாம்னு நினைச்சிருந்தேன். தூங்கறேன். ஆனா காலைல எழுந்தா தோள்ல ஒண்ணும் வலிக்கலை. என்னமோ வீட்ல யாரோ இல்லாத மாதிரி இருக்கு."

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே என்றேன். கொடுக்கிறேன் என்றாள். மனதை வேறெங்கோ வைத்துக்கொண்டு சொன்ன பதில் அது.

அக்கா கூடத்துக்கு வர இனிக் காரணம் ஒன்றும் இல்லை. நெட்டையும் இல்லை, போட்டியும் இல்லை. அட்டை அவளை வரச் சொல்லவும் இல்லை. இருந்தும் அந்த வாரம், அக்கா வழக்கமாக வரும் நாளில், பயிற்சி முடிந்து பிள்ளைகள் கிளம்பிய பிறகும் அட்டை உடுப்பைக் கழற்றவில்லை. ஒரு மூலையிலிருந்து மெத்தைகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள். துடைத்ததையே இன்னொரு முறையும் துடைத்தாள். நான் விடைபெறலாமென்று பையை எடுத்தபோது கதவு திறந்தது.

அக்கா கடைக்குப் போட்டுக்கொள்ளும் புடவையில் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சும்மா வந்தேன்" என்றாள். "இந்தப் பக்கம் ஒரு வேலை."

"சாப்பிட்டியா?" என்றாள் அட்டை.

"ம்."

"முழங்கால் எப்படி?" என்றாள் அக்கா.

"பரவாயில்ல."

கேட்க வேண்டியவை தீர்ந்துவிட்டன. மாற்று உடுப்பு ஆணியில் தொங்கியது. அக்கா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். எழுந்துவிடுவாளோ என்று எனக்குத் தோன்றியது. அட்டைக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். துணியைக் கீழே போட்டுவிட்டு மெத்தையின் விளிம்புவரை வந்து நின்றாள்.

எந்த எதிராளியிடமும் அவள் தன் சட்டைக் கையைத் தானாகக் கொடுத்ததில்லை. பின்னுக்கு இழுப்பாள், மடக்குவாள், முதுகுக்குப் பின்னால் ஒளிப்பாள். இப்போது இடதுகையை முன்னால் நீட்டினாள். சட்டைக் கையின் நுனி மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்சம் தொங்கியது. அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் அதை வைத்துக்கொண்டு, மடக்காமல், நின்றாள்.